மாஸ்டர் ஓடிய ஒரு ரவுண்டு

போலீஸ் பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வான பிள்ளைகளை மாஸ்டர் வேலுச்சாமிதான் தயார்படுத்துவார். அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட, அவர் புல்லட்டில் கூடவே வந்து, "கையை வீசி ஓடு!" என்று கத்துவார்.

மைதானத்து ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த மாரித்தாயும் தேர்வாகியிருந்தாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க சார்" என்று கேட்டாள்.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "முதல்ல என்னை ஒரு ரவுண்டு ஓட வச்சுக் காட்டு, பாப்போம்!"

மாரித்தாய் டீயை அவர் கையில் கொடுத்தாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. ஏறி உதைத்தாள்.

"ஏய், என் வண்டி!" டீயைப் போட்டுவிட்டு மாஸ்டர் துரத்தினார். கைக்கு எட்டிவிடாமல், எட்டிவிடும் போலவே மைதானத்தைச் சுற்றி ஓட்டினாள் அவள்.

"கையை வீசி ஓடுங்க சார்!"

ரவுண்டு முடிந்தது. மாஸ்டருக்கு மூச்சு இரைத்தது. "நாளைக்குக் காலையில... வந்துரு" என்றார்.

சாவியை நீட்டினாள் மாரித்தாய். "வர்றேன் சார். நீங்களும் வண்டியை வீட்லயே விட்டுட்டு வாங்க."