உப்பளத்துப் புளியமரம்

கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

உப்பளத்துக் கரையில் ஓர் ஊர். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று பாத்திகள். மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. அந்த ஊரில் தையல்நாயகி அம்மாள் என்பவர் பாட்டும் கூத்தும் கதையும் பாடம் சொல்லிவந்தார். அவரிடம் படித்தவர் மாசிலாமணி. அம்மாளைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் கைகட்டித்தான் நிற்பார்.

ஆள் நெட்டை. ஊரார் கொடிக்கம்பம் என்பார்கள். "கம்பம் போலன்னு சொல்லாம கம்பம்னே சொல்லிட்டாங்க, அப்போ அது உருவகம்" என்று அவரே சிரிப்பார்.

பாடத்தில் அம்மாள் ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஒற்றை விரலை உயர்த்துவார். விரல் நிமிர்வதற்குள் மாசிலாமணி பேர் சொல்லிவிடுவார். 'போல' என்று ஒப்பிட்டால் உவமை. அதுவே இது என்றால் உருவகம். உள்ளதைப் பெரிதாக்கினால் உயர்வு நவிற்சி. கூத்துக்குக் களம் எது, கதைக்கு முடிச்சு எங்கே, எல்லாம் நாக்கு நுனியில்.

ஒருநாள் அவர் அம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, எனக்குப் பேர் தெரியாத வரி இனிமே கிடையாது. என்னை எப்போ பாடம் சொல்ல அனுப்பப் போறீங்க?"

அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"கீழத்தெருவுல ஒரு சாவு. உப்பளத்துல வேலை பார்த்த முத்திருளன். வாங்க, தலையைக் காட்டிட்டு வருவோம்."

முத்திருளனை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். சின்ன உடம்பு. பள்ளிக்கூடத்துப் பையன் உயரம்தான். தலைமாட்டில் அவர் பெண்சாதி சீனியம்மா. பெண்கள் தோள்மேல் கைபோட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாளும் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். மாசிலாமணி ஆண்கள் பக்கம், பெஞ்சில்.

மேளம் ஓய்ந்தது. சீனியம்மா ஒப்பாரி எடுத்தாள்.

"ஒத்தப் புளியமரமே, ஒசந்த புளியமரமே,
நீ சாஞ்ச வாசலிலே நெருப்பா விழுதே வெயிலு..."

மாசிலாமணி பக்கத்து ஆளின் காதைக் கடித்தார்.

"மரம் போலன்னு சொல்லல, மரமேன்னு கூப்பிடுது. உருவகம். ஒசந்தன்னது உயர்வு நவிற்சி. ஆளு இத்தனூண்டுதானே, பாருங்க."

மேளம் இல்லாத நேரம். மாசிலாமணியின் குரலோ அவர் உயரத்துக்கு ஏற்ற குரல்.

பாட்டு நின்றது.

சீனியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். வேறொருத்தி அடுத்த அடியை எடுத்துப் பார்த்தாள். யாரும் கூடச் சேரவில்லை, அவளும் விட்டுவிட்டாள். தோள்களிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக நழுவின.

பாடை கட்டி முடித்தாயிற்று. பொழுது சாய்வதற்குள் தூக்கியாக வேண்டும். தூக்கிவிட்டால் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். கட்டின புருஷனைப் பாடி அனுப்பச் சீனியம்மாவுக்கு இருந்தது இந்த ஒரு பொழுது. அதிலும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

யாரும் மாசிலாமணியை ஏசவில்லை. ஒரு கிழவர் மட்டும் சொன்னார்: "படிச்சவுகளுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா. தூரமாப் போடுங்க."

மாசிலாமணிக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தார். அம்மாள் இவரைப் பார்க்கவே இல்லை. கொஞ்சம் நகர்ந்து, பெண்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழைய வழிவிட்டார். அவ்வளவுதான்.

மாசிலாமணி அந்த வழியில் நடந்தார். அந்த எட்டுப் பத்தடி போவதற்குள் அவருக்கு ஊரே முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சீனியம்மாவுக்கு முன்னால் குந்தினார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். கேட்டது வேறு.

"தாயி... தெரியாமத்தான் கேக்கேன். அவுக எப்படி மரம்?"

பெண்கள் முறைத்தார்கள். சீனியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"பாத்தியில மரம் ஏது? பச்சப்புள்ளைய வரப்புல துணி விரிச்சுப் போட்டுட்டுத்தான் உப்பு வாருவேன். அவுக வேலைக்கு நடுவுல ஓடியாந்து வெயிலுக்கு மறைப்பா நிப்பாக. வெயிலு நகர நகர அவுகளும் நகருவாக. குட்ட ஆளுதான். எம் புள்ளைக அத்தனையும் அந்த நெழலுலதான் ஒறங்குச்சு."

அம்மாள் ஒற்றை விரலை உயர்த்தினார்.

மாசிலாமணி முத்திருளனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேர் கேட்ட விரல் அப்படியே நின்றது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கு வெயில் பந்தலுக்கு அடியில் நுழைந்து முத்திருளனின் முகத்தில் ஏறியது. சீனியம்மா முந்தானையை விரித்து மறைக்கப் பார்த்தாள். முந்தானை எட்டவில்லை.

மாசிலாமணி எழுந்தார். மேற்குப் பக்கம் போய், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். நிழல் முத்திருளனின் முகத்தில் விழுந்தது.

சீனியம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் தோளில் கையைப் போட்டாள்.

"ஒத்தப் புளியமரமே..."

வெயில் கொஞ்சம் நகர்ந்தது.

மாசிலாமணியும் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.