எல்லா வரியிலும் சலேத்

“பாஸ்வேர்டு சரிதான் சிஸ்டர். ஆனா உள்ளே விடமாட்டேங்குது.”

சலேத் சிபியுவை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். கான்வென்ட்டின் கம்ப்யூட்டர் அறை மாடியில் இருந்தது. மூச்சு வாங்கியது.

சிஸ்டர் பிலோமி மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

“இதுக்கு உங்க வீட்டுக்காரரையே தூக்கிட்டு வந்திருக்கலாம். கனம் கம்மி.”

சலேத் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்த அறையில் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. சலேத்துக்கு நாற்பது. வகுப்பில் பதினான்கு பேர். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, யார் துணையும் இல்லாமல் லினக்ஸ் போட்டு ஓடவைத்தவள் சலேத் ஒருத்திதான்.

இன்று சனிக்கிழமை இல்லை. புதன். மணி இரண்டரை.

“யாரோட பாஸ்வேர்டு?”

“என் மக ஆக்னஸோடது. போட்டதும் திரை ஒரு நொடி கறுத்துப் போகுது. மறுபடியும் அதே இடத்துல வந்து நின்னு பாஸ்வேர்டு கேக்குது. பத்து தடவை போட்டாச்சு.”

“உங்க பேர்ல?”

“என் பேர்ல நல்லாத்தான் திறக்குது.”

சிஸ்டர் வயர்களைச் செருகினார். மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“நான் லினக்ஸ் போட்டதுலதான் ஏதோ தப்பு சிஸ்டர். மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். அவ நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்துடுவா.”

“அழிச்சா அவ எழுதி வச்சதெல்லாம் போயிடுமே.”

“போனா போகட்டும்.”

சொன்ன பிறகு சலேத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலையில அவளே எழுதிக் கொடுத்துட்டுப் போனா. ‘நான்தான் எதையோ கெடுத்துட்டேன் போல, சாரிம்மா. சிஸ்டர்கிட்ட காட்டுறதுக்கு இது வேணும்ல’ன்னு.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேக்கல.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது?”

“கேட்டதே இல்ல சிஸ்டர்.”

சிஸ்டர் கீபோர்டை அவள் முன்னால் தள்ளினார்.

“உங்க பேர்ல உள்ளே போங்க. ஆக்னஸோட ஃபோல்டர்ல இருக்கிறதை எல்லாம் பட்டியல் போடுங்க.”

பட்டியல் வந்தது. வரிக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயருக்கு முன்னால் அது யாருடையது என்று இருந்தது.

“யாருடையதுங்கிறதை மட்டும் படிங்க.”

“சலேத்.”

“அடுத்தது.”

“சலேத்.”

“அடுத்தது.”

“எல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர்.”

“படிங்க.”

முப்பத்தாறு வரிகள். சலேத் தன் பெயரைப் படித்துக்கொண்டே போனாள். இருபதாவது வரியில் குரல் உடைந்தது. சிஸ்டர் காத்திருந்தார். பிறகு மீதிப் பதினாறையும் படிக்கவைத்தார்.

வெளியே பி.டி. பீரியடின் விசில் கேட்டது.

“உள்ளே வர்ற பிள்ளையோட ஃபோல்டர்ல, அவ பேர்ல மெஷின் ஒரு சின்னக் குறிப்பு எழுதினாத்தான் திரை திறக்கும்” என்றார் சிஸ்டர். “அவ பேர்ல எழுத முடியல. ஏன்னா அது இப்போ அவ ஃபோல்டர் இல்ல.”

சலேத் தலையசைத்தாள்.

“உங்க பேருக்கு எப்போ மாத்தினீங்க?”

“நேத்து. அவ ஸ்கூலுக்குப் போன பிறகு.”

“ம்.”

“அவ ஃபோல்டரைத் திறந்து பாத்தேன். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ன்னு வந்துச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு சிஸ்டர். என் வீடு. நான் லினக்ஸ் போட்ட மெஷின். நான் பெத்த பிள்ளை. எனக்கு அனுமதி மறுக்கப்பட்டதாம்.”

“ஃபோல்டரைப் பூட்ட அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

“நான்தான்.”

சிஸ்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“சொந்தக்காரரை மாத்துற கட்டளையைப் போட்டேன். மூணாவது வகுப்புல நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க.”

“ஆமா” என்றார் சிஸ்டர். “நான்தான்.”



“பயம் சிஸ்டர். வேற ஒண்ணுமில்ல. ஒரு மாசமா கதவைச் சாத்திட்டு உக்கார்றா. நான் உள்ளே போனா திரையை மாத்துறா. பேப்பரைத் திறந்தா தினமும் ஒரு பிள்ளையைப் பத்தி வருது, அந்தப் பிள்ளையோட அம்மாவும் ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்றா. ஆக்னஸுக்கு இப்போ பதினஞ்சு வயசு. நான் இன்னும் ராத்திரி எழுந்து அவ மூக்குக்கிட்ட விரல் வச்சுப் பாக்குறேன். நீங்க சிரிப்பீங்க.”

“சிரிக்கல.”

“மூச்சு வருதான்னு.”

“பாத்த பிறகு பயம் போச்சா?”

“அந்தப் பயம் போச்சு. நான் நினைச்ச மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு கடிதம். எனக்குத்தான் எழுதியிருக்கா. ‘அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னு ஆரம்பிச்சு, அடிச்சு அடிச்சு எழுதி, பாதியில நிக்குது. அதுல அவ என்ன சொல்றான்னா...”

சிஸ்டர் கையை உயர்த்தினார்.

“அந்தக் கடிதம் யாருக்கு?”

“எனக்கு.”

“கொடுத்துட்டாளா?”

சலேத் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு, “எடுத்ததை நீங்களே திருப்பிக் கொடுங்க” என்றார் சிஸ்டர்.

அதே கட்டளைதான். பெயர் மட்டும் வேறு. சலேத் அடித்தாள். மறுபடியும் பட்டியல் போட்டாள். முப்பத்தாறு வரிகளிலும் ஆக்னஸ்.

காகிதத்தில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். திரை ஒரு நொடி கறுத்தது. திறந்தது. கடற்கரையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆக்னஸின் பழைய படம் வந்தது.

சிஸ்டர் உடனே வெளியேறும் பொத்தானை அழுத்தினார்.

“காகிதத்தை அவகிட்டயே கொடுத்துடுங்க. புதுசா மாத்திக்கச் சொல்லுங்க.”

“சரி சிஸ்டர்.” சலேத் எழுந்திருக்கவில்லை. “அவளுக்குத் தெரிஞ்சிடுமா?”

“கோப்பைக் கடைசியா எப்போ படிச்சாங்கன்னு மெஷின் குறிச்சு வச்சிருக்கும். கடிதத்துக்கு நேரா நேத்து தேதி இருக்கும்.”

“அவளுக்கு அதைப் பாக்கத் தெரியும். அதையும் நான்தான்...” சலேத் நிறுத்தினாள். “மாத்த முடியுமா?”

“முடியும். ஒரு வரிதான். நாலாவது வகுப்பு.”

“மாத்தட்டுமா?”

சிஸ்டர் எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மெஷின் அணைந்திருந்தது. சலேத் வயர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.



“மாத்தல சிஸ்டர். அவ வந்ததும் நானே சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க.”

“திட்டுவா.”

“திட்டட்டும்.”

நாலரைக்கு ஆக்னஸ் வீட்டுக்கு வந்தாள். பையை நாற்காலியில் போட்டாள்.

“சரியாயிடுச்சாம்மா?”

“ஆயிடுச்சு.”

“நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சலேத்துக்குத் தெரிந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன.

“நீ ஒண்ணும் பண்ணல. பழைய மெஷின். அப்படித்தான் இருக்கும்.”

ஆக்னஸ் உட்கார்ந்தாள். சலேத் அடுக்களைக்குப் போய் டீ போட்டாள். கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை.

“அம்மா.”

“என்ன?”

“நேத்து காலையில பதினொரு மணிக்கு வீட்டுல யாரு இருந்தா?”

“நான்தான். ஏன்?”

“சும்மாதான்.”

ஆக்னஸ் டீயைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். டியூஷனுக்குப் போனாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் படியிறங்கிப் போனார்கள். சலேத் மட்டும் நின்றாள். சிஸ்டர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், ஆக்னஸ் இப்போ ஃபோல்டரைப் பூட்டுறதே இல்ல.”

“அப்படியா?”

“யார் வேணாலும் பாக்கலாம், யார் வேணாலும் எழுதலாம்னு திறந்து போட்டிருக்கா. கதவையும் சாத்துறதில்ல.”

“நல்லதுதானே.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லல சிஸ்டர். இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்றா. சிரிக்கக்கூடச் செய்றா.”

சிஸ்டர் அழித்துக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கடிதம் இல்ல. படம் இல்ல, பாட்டு இல்ல. ஃபோல்டருக்குள்ளே எதுவுமே இல்ல சிஸ்டர்.”

சிஸ்டரின் கை நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை.

“எதுவுமே இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”