படத்தில் இல்லாத சுழி

மருதாணி செத்துப் பன்னிரண்டாம் நாள் மடத்துக்குப் போனேன். கையில் மூன்று தாள்கள் இருந்தன. மூன்றில் ஒன்றையும் நான் நம்பவில்லை.

மருதாணி என் குதிரை. செம்பழுப்புப் பெட்டை. பஸ் நிலையத்திலிருந்து மலைக்கோயில் அடிவாரம் வரை ஏழு வருசம் என் வண்டியை இழுத்தது. கிழக்கு வீதித் திருப்பத்தில் சறுக்கி விழுந்ததில் முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். ஊசி போட்டு முடித்தார். நான் சரி என்று சொன்ன பிறகுதான் போட்டார். வேறு யாராவது சொல்வதற்கு முன் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

மடம் என்றால் பெரிய மடம் இல்லை. ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, மத்தியானம் வருகிறவர்களுக்குக் கஞ்சி. அதை நடத்துகிறவரை எல்லோரும் மடத்தம்மா என்பார்கள். முன்பு தாலுகா ஆபீசில் டைப் அடித்தவர். அதனால் பாதிப் பேர் கேள்வியோடு வருவார்கள், பாதிப் பேர் மனுவோடு வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாயைத்தான் விரிப்பார்.

நான் ஒன்பது வருசமாக அவருக்குச் சிஷ்யன். விறகு கொண்டுபோய்ப் போடுவேன், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்பேன், அவ்வளவுதான். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். "சிஷ்யனுக்குப் பல்லு விழுந்துருச்சு, குருவுக்கு இன்னும் முளைக்கலை" என்று அங்குராசு வண்டி ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொன்னான். அவனும் குதிரை வண்டிக்காரன்தான். அவனோடு நான் பேசி ஆறு வருசமாகிறது.

நான் போனபோது கஞ்சி நேரம் முடிந்திருந்தது. மடத்தம்மா கிணற்றடியில் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட வரலைங்கம்மா. மனு எழுதணும்."

"யார் மேல?"

"அதைத்தான் முடிவு பண்ணணும்."

அவர் சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயை விரித்தார். பேனாவும் தாளும் எடுத்து வைத்தார்.

"யார் யார் மேல சந்தேகமோ சொல்லுங்க. பிறகு கழிச்சுக்கலாம்."

"முதல்ல அங்குராசு. அவன் வீட்டு வாசலுக்கு நேராத்தான் விழுந்துச்சு. அன்னிக்குக் காலையில அவன் வீட்டுல வாசல் கழுவியிருக்காங்க. சோப்புத் தண்ணி."

"எல்லா வீட்டுலயும்தான் வாசல் கழுவுறாங்க."

"அவன் வீட்டுல என்னிக்குக் கழுவினாங்க?"

அவர் எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"டாக்டரு. வந்ததுலருந்து ரெண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. வேற எங்கயோ போகணும்னு அவசரம்."

"நாடி எண்ணியிருப்பாரு."

"குதிரைக்கு நாடி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்கம்மா?"

"தெரியாது."

"அப்போ எழுதுங்க."

எழுதினார். நான் மூன்று தாள்களையும் பாயில் பரப்பினேன். முதல் தாள் ஏழு வருசத்துக்கு முன்னால் எடுத்த வண்டி லைசென்ஸ். அதில் குதிரைப் படம் ஒன்று அச்சடித்திருக்கும். வெறும் கோட்டுப் படம். எந்தக் குதிரை என்று அடையாளம் தெரிவதற்காக, உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்திலெல்லாம் டாக்டர் பெருக்கல் குறி போட்டுத் தருவார். மனுசனுக்குக் கைரேகை மாதிரி குதிரைக்குச் சுழி. அன்றைக்குக் குறி போட்டவர் பழைய டாக்டர். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

இரண்டாவது தாள் இப்போதைய டாக்டர் கொடுத்த இறப்புச் சான்று. அதிலும் அதே கோட்டுப் படம், அதே மாதிரி குறிகள். ஒரு குறி மட்டும் அதிகம். இடது கண்ணுக்குக் கீழே.

மூன்றாவது தாள் லைசென்ஸ் ஆபீசிலிருந்து வந்த கடிதம். மடத்தம்மா அதைச் சத்தமாகப் படித்தார். இரண்டு படமும் ஒத்துப்போகவில்லை, ஆகவே செத்தது லைசென்ஸ் பெற்ற குதிரை அல்ல, லைசென்ஸ் பெற்ற குதிரையைப் பத்து நாளுக்குள் ஆபீசில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

"அப்போ பேப்பர்ல மருதாணி உசுரோட இருக்கு" என்றார்.

"ஆமாங்கம்மா. கூட்டிட்டு வான்னு சொல்றாங்க."

"அதுல உங்களுக்கு ஒரு சந்தோசமா?"

இதை ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கடிதத்தை நான் நாலு நாளாகத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன் என்பதை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் பெண்சாதியைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

"இப்ப எழுதுங்கம்மா" என்றேன். "இடது கண்ணுக்குக் கீழ சுழியே கிடையாது. டாக்டரு படத்தைத் தப்பாப் போட்டுட்டாரு. குதிரை மூஞ்சியையே ஒழுங்காப் பாக்கத் தெரியாதவரு, காலை மட்டும் எப்படி ஒழுங்காப் பாத்திருப்பாரு? கட்டுப் போட்டா பொழைக்கிற காலை ஊசி போட்டுக் கொன்னுட்டாரு. அதை விசாரிக்கணும். இதுதான் மனு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை அனுப்பினா அவர் வேலைக்கே ஆபத்து வரும்."

"வரட்டும்."

"சரி."

ஒரு தாளின் பின்பக்கம் அவர் ஏதோ கோடு இழுத்தார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"என்னங்கம்மா இது?"

"குதிரை."

"இது ஆடும்மா."

"ஆடா இருந்தா என்ன, நீங்க சுழியைப் போடுங்க. மனுவோட சேத்து அனுப்பணும். உங்களைவிட அதை யார் பாத்திருக்கா?"

நான் பேனாவை வாங்கினேன். நெற்றியில் ஒன்று போட்டேன். கழுத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மார்பில் ஒன்று. விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும். கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். தினம் தேய்த்துக் குளிப்பாட்டின உடம்பு. போட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மனுவின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். படித்துக் காட்டினார். "'என் குதிரை மருதாணிக்கு இடது கண்ணின் கீழே சுழி எதுவும் இருந்ததில்லை. இது சத்தியம். இப்படிக்கு, சடையப்பன்.' கையெழுத்துப் போடுங்க."

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். கையெழுத்துப் போட எனக்கு எப்போதும் நேரமாகும். 'ச' போட்டேன். அதற்கப்புறம் பேனா ஓடவில்லை.

மடத்தம்மா நின்றுபோன பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"டாக்டரு உங்களைப் பாக்க வந்தாரா?"

"வந்தாரு."

நான் எழுந்துவிட்டேன். ஒன்பது வருசம் விறகு போட்ட இடம். இங்கேயும் வந்து பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்ன சொன்னாரு?"

"கஞ்சியில உப்புக் குறைச்சல்னாரு."

"வேற?"

"ஊறுகா கேட்டாரு."

"அம்மா, விளையாடாதீங்க. குதிரையைப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அப்படிச் சொன்னா நீங்க நம்பப்போறதில்லை. உக்காருங்க."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்றீங்க."

"எனக்குக் குதிரையே தெரியாதுண்ணே. நான் வரைஞ்சதைத்தான் பாத்தீங்களே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். கிணற்றடியில் காக்கை வந்து அண்டாவைக் கொத்தியது. அவர் அதை விரட்டப் போனார். திரும்பி வந்தபோதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"இருந்துச்சு" என்றேன்.

"எது?"

"சுழி."

அவர் பாயில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"அதுக்குக் கண்ணீர்ச் சுழின்னு பேரு. கண்ணீர் எறங்குற எடத்துல இருக்கும். அந்தக் குதிரையை வச்சிருக்கிறவன் அழாமப் போக மாட்டான்னு சொல்லுவாங்க. சந்தையில ஒருத்தனும் கிட்ட வரலை. இல்லைன்னா அந்த மாதிரிக் குதிரை என்னை மாதிரி ஆளுக்குக் கிடைக்குமா?"

"லைசென்ஸ் படத்துல எப்படி விட்டுப்போச்சு?"

"முதல் நாளே அந்த எடத்தை மழிச்சுட்டேன். மேல வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அப்பினேன். ஈப்புண்ணுன்னு சொன்னேன். பழைய டாக்டரு நல்லவரு. நம்பிட்டாரு."

"ஏன் மறைச்சீங்க?"

"ஸ்டாண்டுல தெரிஞ்சா விடுவாங்களா? கோயிலுக்கு வர்ற சனம் ஏறுமா? அப்புறம் மயிரு முளைச்சுச் சுழியும் திரும்பி வந்திருச்சு. நான் கண்ணோரத்தை மறைக்கிற தோல் கண்பட்டை போட்டே ஓட்டினேன். ஏழு வருசத்துல ஒரு பயலுக்கும் தெரியாது. அங்குராசுக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்."

"ஆமா."

மேற்கொண்டு நானே சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

"வீட்டுக்காரிக்குச் சக்கரை வந்துச்சு. கண்பட்டையை ராத்திரி கழட்டிருவேன். காலையில போய் அந்தக் கண்ணுக்குக் கீழ பாத்தேன், இதுதான் வேலையோன்னு. மகனுக்கு மில்லு வேலை போச்சு. அன்னிக்கும் பாத்தேன். கூரை ஓடு காத்துல போச்சு, அதுக்கும் போய்ப் பாத்தேன். நான் பாக்கப் பாக்க அது என் சட்டைப் பையில மூஞ்சியை விட்டு வெல்லம் தேடும். இன்னிக்கு என்ன கொண்டுவந்திருக்கேன்னு அதுக்கு நெனைப்பு. எனக்கு வேற நெனைப்பு."

மடத்தம்மா குனிந்து பாயின் கோரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கால் ஒடிஞ்ச அன்னிக்கு?"

"டாக்டரு குனிஞ்சு பாத்தாரு. எழுந்தாரு. 'ஐயா, இது வந்து'ன்னு ஆரம்பிச்சாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் சரின்னுட்டேன்."

"துடிச்சுதா?"

"துடிச்சுது. எழப் பாக்கும், முடியாது, திரும்ப எழப் பாக்கும்."

"அதைப் பாத்துட்டுச் சொன்னீங்க."

"அதான்ம்மா தெரியலை." என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "வலியைப் பாத்துச் சரின்னேனா, சுழியைப் பாத்துச் சரின்னேனா, அது தெரியலை. விட்டுச்சுடா சனின்னு உள்ளுக்குள்ள ஒரு நிமிசம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். டாக்டரு தப்புப் பண்ணியிருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. அங்குராசு சோப்புத் தண்ணி ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அவர் மனுவை எடுத்தார். நான் போட்ட 'ச'வைப் பார்த்தார். தாளை நான்காக மடித்து அடுப்படிக்குக் கொண்டுபோனார். வெறுங்கையோடு திரும்பி வந்து புதுத் தாள் எடுத்தார்.

"சொல்லுங்க. நீங்க சொல்றதை மட்டும் எழுதறேன்."

நான் சொன்னேன். இரண்டு படத்திலும் இருப்பது ஒரே குதிரை என்று சொன்னேன். சுழியை மழித்து மறைத்தவன் நான் என்று சொன்னேன். டாக்டர் போட்ட குறி சரி. செத்தது மருதாணிதான். நாலு வரிக்குமேல் வரவில்லை.

"என்னை என்ன பண்ணுவாங்க?"

"திட்டுவாங்க. வண்டி லைசென்ஸ் வில்லையைப் பிடுங்கினாலும் பிடுங்குவாங்க."

"அந்த மீசைக்கார கிளார்க்கா? அவன் திட்டுவான். அதுக்குன்னே ஆபீசுக்கு வர்றவன்."

"திட்டட்டும்."

"திட்டட்டும். நான் மறக்க மாட்டேன்."

"சரி, மறக்காதீங்க. கையெழுத்துப் போடுங்க."

"போட்டா பேப்பர்லயும் செத்துடும்."

"ஆமா."

சடையப்பன் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. தாளை அவர் வாங்கி, ஈரம் காய ஊதி, மற்றத் தாள்களோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. மனு இல்லை. கேள்விதான்."

"கேளுங்க."

"அந்தச் சுழி பலிச்சுருச்சா?"

மடத்தம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணைப் பார்த்தார். இரண்டும் காய்ந்துதான் கிடந்தன.

"எங்கண்ணே? பன்னெண்டு நாளாச்சு. இன்னும் பலிக்கலையே."