எந்தக் கேமரா, டீச்சர்?

ஜெசிந்தா டீச்சரிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எடுத்த படத்தில் ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது. ஆடிப்போனது, இருட்டிப்போனது, லென்ஸை விரல் மறைத்தது, எல்லாம் அப்படியே வந்து சேர வேண்டும்.

"நல்ல படத்தை நீங்களே பாத்துக்கிடுங்க. எனக்குக் கெட்டதைக் காட்டுங்க" என்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கொஞ்சம் பேர் கூடுவோம். எங்களில் மூத்தவர் பிரமநாயகம் அண்ணாச்சி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அண்ணாச்சி செருப்பைப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார். டீச்சர் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

தங்கமான மனுஷன். ஆனால் எதையும் முடிவு பண்ணத் தெரியாது. ஒரு குடை வாங்க அலைந்து, அலைந்து, மழைக்காலமே முடிந்துபோன கதை எங்களுக்கெல்லாம் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வரவில்லை. வீட்டம்மா ஆவுடையும் கூட வந்திருந்தார். பட்டுச்சேலை, தலையில் பிச்சிப்பூ. ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற வழி என்று நான் நினைத்தேன். முந்தானையால் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சியின் தோளில் ஒரு பெரிய கேமரா தொங்கியது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டி.எஸ்.எல்.ஆர்., புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. சட்டைப் பையில் சின்னதாக இன்னொன்று, சோப்பு டப்பா அளவில். இரண்டையும் மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், கடைக்காரன் தெரிஞ்ச பையன். ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கன்னு குடுத்தான். ஒண்ணைத் திருப்பிக் குடுத்திரணும். எதை வச்சுக்கிட?"

"யாரை எடுக்கப் போறிய?"

அண்ணாச்சி திரும்பி மனைவியைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"இவளைத்தான். தாடையில கட்டி. எலும்போட எடுக்கணும்னு சொல்லிட்டாவ. மத்தியானம் ஆஸ்பத்திரியில சேரணும், நாளைக்குக் காலையில ஆபரேஷன். அதுக்கு அப்புறம் முகம்..."

"பழையபடி இருக்காது. சொல்லுங்களேன், எனக்குத் தெரியாதா?" என்றார் ஆவுடையம்மா. வாய் முழுவதும் திறக்க முடியாததால் வார்த்தை கொஞ்சம் குழறியது.

நான் கையிலிருந்த லென்ஸைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி படபடவென்று பேச ஆரம்பித்தார். "பெரிசுல படம் துல்லியமா விழும் டீச்சர். ஒவ்வொரு முடியும் தெரியும். ஆனா கனம். எனக்கு இன்னும் பழகலை. தப்பா எடுத்துட்டா திரும்ப எடுக்க முடியுமா? சின்னது சுளுவா இருக்கு. ஆனா வெளிச்சம் குறைஞ்சா புள்ளி புள்ளியா வருதுங்காவ. பிற்பாடு பெரிசாக்கி மாட்டினா படம் உடைஞ்சு போகுமாம். ராத்திரியெல்லாம் யூடியூப் பாத்தேன். ஒருத்தன் அதுங்கான், இன்னொருத்தன் இதுங்கான். ஒரு வாட்டிதான் டீச்சர். இதுல தப்பினா எனக்கு வேற வழி கிடையாது."

"இவிய தேங்கா வாங்கப் போனா கடையில இருக்க அம்புட்டையும் தட்டிப் பாத்துட்டுத்தான் வருவாவ" என்றார் ஆவுடையம்மா. "வீட்டுக்கு வந்து உடைச்சா அழுகலா இருக்கும்."

டீச்சர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"படம் எடுத்துப் பாத்தியளா?" என்று டீச்சர் கேட்டார்.

"விடிஞ்சதுல இருந்து அதான் வேலை. ரெண்டுலயும் எடுத்தேன். ஒண்ணுகூட அழிக்கலை."

டீச்சர் பெரிய கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, மூலையில் இருந்த டி.வி.யில் போட்டார்.

முதலில் ஒரு சுவர். பிறகு காலண்டர். பிறகு கேஸ் அடுப்பு. அடுத்ததில் ஒரு செய்தித்தாள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யாரோ அதை விரித்துப் பிடித்திருந்தார்கள். அதற்கு அடுத்த படத்திலும் செய்தித்தாள். அதற்கு அடுத்ததிலும் அதேதான். ஜன்னல் பக்கம், சமையலறைப் பக்கம், விளக்கைப் போட்டு, விளக்கை அணைத்து.

"இது என்ன அண்ணாச்சி?"

"எழுத்து மூலை வரைக்கும் தெளிவா இருந்தா லென்ஸ் நல்ல லென்ஸாம் டீச்சர். அந்த வீடியோவுல சொன்னாவ. சுவத்துல ஒட்டினா சரியா நிக்கலை. அதான் இவளைப் பிடிக்கச் சொன்னேன்."

டீச்சர் சின்னக் கேமராவின் கார்டைப் போட்டார். அதிலும் சுவர், காலண்டர், செய்தித்தாள். மூலை எழுத்துவரை வாசிக்க முடிந்தது. தாளின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். தாளுக்கு மேலே ஒரு கொத்துப் பிச்சிப்பூ. தாளுக்குக் கீழே பட்டுச்சேலையின் அரக்குக் கரை.

டீச்சர் படத்தை மாற்றாமல் அப்படியே நிறுத்தினார். டி.வி.யைப் பார்த்தார். பிறகு ஆவுடையம்மாவின் சேலையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அதே கரைதான்.

"அக்கா, வீட்டுல பட்டுச்சேலையா கட்டுவிய?"

ஆவுடையம்மா தரையைப் பார்த்தார். "பெட்டியில கெடந்துச்சு. காலையில கேமராவை எடுத்துட்டு வந்து உக்காருன்னு சொன்னாவ. சரி, இன்னைக்குத்தானேன்னு தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, வந்து உக்காந்தேன். பேப்பரைக் கையில குடுத்தாவ."

"எவ்வளவு நேரம் பிடிச்சிய?"

"கை கடுத்துப் போச்சு. எப்ப இறக்கச் சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "நேரமாச்சு, கிளம்புன்னாவ."

அண்ணாச்சி அப்போதுதான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி டி.வி.க்குக் கிட்டே போனார். காலையில் இருந்து எத்தனை தரம் அதைப் பெரிசாக்கிப் பார்த்திருப்பாரோ. எழுத்தைத்தான் பார்த்திருக்கிறார். கரையில் விரலை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார்.

"அடக் கடவுளே" என்றார். "அடக் கடவுளே. நான் என்ன மனுஷன்!"

"விடுங்க" என்றார் ஆவுடையம்மா. "இப்ப என்ன ஆகிப்போச்சு?"

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர்." அண்ணாச்சி டி.வி.யைப் பார்த்தபடியே பேசினார். "டாக்டர் சொன்ன நாளையில இருந்து என்னால அவ முகத்தைச் சரியாப் பாக்க முடியலை. சாப்பிடும்போதும் தட்டைத்தான் பாக்கேன். படத்துலயாவது வச்சுக்கிட்டா அப்புறம் பாத்துக்கிடலாம்னுதான் இந்தக் கேமராவுக்கு அலைஞ்சேன். மணி ஆவுது டீச்சர். பெரிசா சிறிசா, ஒண்ணைச் சொல்லிருங்க. நீங்க எதைச் சொன்னாலும் சரி. போய் எடுத்திருதேன்."

பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஆவுடையம்மாவுக்கு எதிரே நின்றார். கண்ணோடு ஒட்டிப் பிடித்தார்.

"அக்கா, இப்ப என்ன தெரியுது?"

"கருப்பா கேமரா தெரியுது. நடுவுல கண்ணாடி."

"நான்?"

"உங்க தலைமுடி தெரியுது. காது தெரியுது."

டீச்சர் அதை மேஜையில் வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். நெஞ்சுக்கு நேரே, ஒரு கையில் பிடித்தார்.

"இப்ப?"

"இப்ப நீங்க தெரியிறிய. நல்லாத் தெரியிறிய." ஆவுடையம்மா லேசாகச் சிரித்தார். "கண்ணு கலங்கியிருக்கே. எதுக்கு?"

சிரித்ததில் முந்தானை நழுவியது. அவர் எடுத்துப் பொத்தவில்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது. வலது பக்கம் மட்டும் சிரிப்பு ஏறி நின்றது. நல்ல முகம். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டீச்சர் சின்னக் கேமராவை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி அதை வாங்கவில்லை. பெரிய கேமராவை மேஜையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனுஷன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"எனக்குப் பெரிசுதான் டீச்சர்."

"கனம்னு சொன்னியளே. பழகலைன்னு சொன்னியளே."

"பரவாயில்லை, தூக்கிக்கிடுதேன்."

"ஏன் அண்ணாச்சி?"

ஆவுடையம்மா கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணாச்சி டீச்சருக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். சின்ன அறை. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஆவுடையம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

"இதை முகத்தோட ஒட்டிக்கிட்டா என் முகம் மறைஞ்சிரும்னு இப்ப நீங்களே காட்டினியளே. சின்னதை நெஞ்சுல பிடிச்சா மறைக்காது டீச்சர். நான் அழுதிருவேன். அவ பாத்திருவா. ஆபரேஷனுக்குப் போறவ என் அழுகையைப் பாத்துட்டா போகணும்?"

செய்தித்தாள் படம் இன்னும் டி.வி.யில் இருந்தது, அசையாமல், முகத்தை மறைத்துக்கொண்டு. டீச்சர் போய் டி.வி.யை அணைத்துக் கார்டைக் கழற்றினார். திரும்பி வந்து அதைச் சின்னக் கேமராவில் மாட்டி, கேமராவை அண்ணாச்சியின் சட்டைப் பையில் போட்டார். அவர் மார்போடு அணைத்திருந்த பெரிய கேமராவை, பிள்ளையை வாங்குவதுபோல, மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீங்க வச்சுக்கிட அக்கா முகம் வேணும்னு ஓடியாந்திய. சரி. நாளைக்கு ஆபரேஷன் ரூம் கதவுக்குள்ள போகையில, அக்கா யாரு முகத்தை மனசுல வச்சுக்கிட்டுப் போவாவ அண்ணாச்சி?"