விழச் சொல்லிக் கொடுத்தவர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தச் சிலம்பக் களத்தில் ஆடுகிற என் சித்தப்பா மகன் சொல்லிக் கேட்டது.

"ஆசான், என்னை மறுபடி சேர்த்துக்குவீங்களா?"

கேட்டவன் சேர்மத்துரை. கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பழம். புதிதாகச் சேருகிறவர்கள் கொண்டுவருவது. ஆசான் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம்.

பேச்சியம்மாள் எடுக்கவில்லை.

அவள் அவனைவிட இளையவள். அவன் அவளை ஆசான் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

இத்தனை நாள் எங்கே என்று கேட்டாள். ஜூடோ என்றான்.

ஏன் போனான் என்று அவள் கேட்கவில்லை. இதே களத்தில் விழுந்துதான் அவன் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கம்பைத் தொட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம். ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டான்.

ஏன் திரும்பி வந்தான் என்று மட்டும் கேட்டாள்.

"அங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆசான். கைதான் கம்பைத் தேடிக்கிட்டே இருந்துச்சு."

தட்டை ஓரமாக வைக்கச் சொன்னாள். கம்பை எடுக்கச் சொன்னாள்.

ஆடினார்கள். கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அசந்தான். அவள் கம்பு கணுக்காலைத் தட்டியது.

விழும்போதே கம்பை விட்டுவிட்டு, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்தான். ஜூடோவில் அப்படித்தான் விழுவார்கள். அடி உடம்பில் இறங்காது.

ஆனால் சிலம்பக்காரன் எந்த நிலையிலும் கம்பை விடமாட்டான்.

"ஆசானை விட்டுட்டுத் தரையை அடிக்காரு," என்றது ஒரு குரல். களமே சிரித்தது.

அவன் எழுந்து தலைகுனிந்து நின்றான். தப்புதான் என்றான். அந்தப் பழக்கத்தையெல்லாம் மறந்துவிடுகிறேன் என்றான்.

பேச்சியம்மாள் அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்கா, அண்ணே?"

"இல்ல."

"விழும்போது பயமா இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "இல்ல, ஆசான்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"வில்சன் மாஸ்டர்."

"இங்க வாறேன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தான்.

அவள் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அங்க போயிட்டு வாங்க."

இனி இங்கே இடமில்லை என்றுதான் அவன் புரிந்துகொண்டான். ஆனாலும் போனான். தட்டை எதற்குக் கொடுத்தனுப்பினாள் என்பது பாதி வழியில்தான் புரிந்தது.

ஜூடோ கூடத்தில் யாரும் தட்டு வைத்துச் சேர்வதில்லை. வில்சன் மாஸ்டர் வெற்றிலையைப் பார்த்துவிட்டு, உனக்குக் கல்யாணமா என்று கேட்டார்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். இனி ஜூடோவுக்கு வரப்போவதில்லை என்பதையும் சொன்னான்.

"சரி. இதை நான் என்ன செய்யணும்?"

"ஒரு வெற்றிலை எடுத்துக்கிட்டாப் போதும், மாஸ்டர்."

"எதுக்கு?"

"விழச் சொல்லிக் குடுத்ததுக்கு."

அவர் ஒன்றை எடுத்தார். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை சேர்மத்துரை தட்டோடு களத்துக்கு வந்தான். உள்ளே வராமல் நின்றான்.

"வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு, ஆசான்."

தட்டில் மீதமிருந்த வெற்றிலையில் ஒன்றைப் பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரையும் கம்புகளைக் கீழே வைக்கச் சொன்னாள். தன் கம்பையும் வைத்தாள். வரிசையில் முதல் ஆளாக அவன் முன்னால் போய் நின்றாள்.

"எப்படி விழணும், அண்ணே?"

இதை எழுதுவதற்கு முன் வில்சன் மாஸ்டரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். நடந்ததுதான் என்றார். சேர்மத்துரை வந்துபோன அன்று கூடத்தைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, அவர் சங்கரன்கோவில் பஸ் ஏறியிருக்கிறார். அவருக்கு முதன்முதலில் குஸ்தி சொல்லிக் கொடுத்தவர் அங்கே இருக்கிறார்.