லிங்கையா தோப்பில் மிஞ்சிய இரண்டு குட்டிகள்

அவசரப்படாமல் கேளுங்கள். முடிவில் தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான்.

சங்கரன்கோவிலுக்கு அப்பால், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஆட்டுப்பட்டி வைத்திருந்தாள் சண்முகக்கனி. கணவன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். பட்டிக்குக் காவலாக இருந்த கிழட்டு நாய் தை மாதம் செத்துப்போனது. மாசி பிறந்ததும் இரண்டு கிடாய்கள் களவு போயின. அதன் பிறகு அவளுக்குக் கோழித் தூக்கம்தான். இலை அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நல்ல சாதிக் குட்டி ஒன்று வாங்காமல் இனி ஆகாது என்று, ராஜபாளையத்துக்கு வெளியே தென்னந்தோப்பில் நாய் வளர்க்கும் லிங்கையாவைத் தேடிப் போனாள்.

அவளுக்கு முன்பே தூத்துக்குடியிலிருந்து அருளப்பனும் அவர் மனைவி ஜெசிந்தாவும் வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, துணைக்கு ஒரு குட்டி இருக்கட்டும் என்று வந்தவர்கள். தாய் நாய் அந்த ஈற்றில் போட்டவற்றில் மிஞ்சியிருந்தவை இரண்டே குட்டிகள்.

லிங்கையா தன் தோப்புச் சட்டத்தைச் சொன்னார். "முதல்ல வந்தவுக முதல்ல எடுத்துக்கலாம். கைகாட்டிட்டா காட்டுனதுதான். மாத்துற பேச்சே கிடையாது."

அருளப்பன் யோசிக்கவே இல்லை. பாலில் முக்கி எடுத்தது போலிருந்த வெள்ளைக் குட்டியைக் காட்டினார். ரோஜா நிற மூக்கு, அலட்டிக்கொள்ளாத குணம். ஜெசிந்தா அதை மடியில் வைத்துத் தடவிக்கொடுக்க, அங்கேயே சுருண்டு தூங்கிப்போனது.

மற்றக் குட்டிக்குக் காதோரம் சந்தன நிறம் படிந்திருந்தது. தாயைப் பார்த்துத்தான் குட்டி எடுக்க வேண்டும் என்று சண்முகக்கனி முதலில் தாய் நாயைப் பார்த்தாள். தெளிவான கண், மினுமினுக்கும் தோல். பிறகு குட்டியின் ஈறைத் திறந்து பார்த்தாள். வயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். நடக்கவிட்டாள், ஓடவிட்டாள். ஆட்டைப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்கு நாயைப் பார்த்து வாங்கத் தெரியாதா? குறை ஒன்றும் இல்லை. முந்தானையை முகர்ந்துகொண்டு குட்டியும் அவளோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, காய்ந்த தென்னை மட்டை ஒன்று தகரக் கூரைமேல் படாரென்று விழுந்தது. அருளப்பன் மோரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். சந்தனக் காதுக்குட்டி கூரையைப் பார்த்துக் குரைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். சண்முகக்கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஜெசிந்தாவின் மடியில் வெள்ளைக் குட்டி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மெல்ல அதன் பின்னால் போய்க் கைதட்டினாள். காது மடல்கூட ஆடவில்லை.

சொன்னால், முதல் உரிமைக்காரர் மனம் மாறிச் சந்தனக் காதுக்குட்டியைக் கேட்பார். சொல்லாவிட்டால் இது அவளுடையது, சட்டப்படியும் தப்பில்லை. வெறுமையாகக் கிடக்கும் பட்டி வாசல் அவள் கண்ணில் வந்து நின்றது. கூடவே, தெருவில் ஓடும் ஒரு வெள்ளை நாயும், அதன் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் லாரியும்.

"அண்ணாச்சி, அந்தக் குட்டிக்குக் காது கேக்கல" என்றாள்.

லிங்கையா பதறிப்போய்த் தட்டைத் தட்டிப் பார்த்தார், விசில் அடித்துப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். "கூடப்பொறந்ததுக ஓடுறதப் பாத்து இதுவும் ஓடுமே! அதுல நானும் ஏமாந்துட்டேனே! இத நானே வச்சுக்கிடுதேன்."

"அப்ப எனக்கு அடுத்த குட்டியக் குடுங்க. தெரியாம எடுத்தது எடுத்ததாகுமா?" என்றார் அருளப்பன்.

சண்முகக்கனி குட்டியை இறுக்கிக்கொண்டாள். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இது என் குட்டிதான? உண்மையச் சொன்னதுக்கு இதுவா கூலி?"

லிங்கையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் அவர் போட்ட சட்டம், மறுபக்கம் அவர் செய்த பிழை.

இப்போது சொல்லுங்கள்: காது கேட்கும் குட்டி யாருக்கு உரியது? முதலில் வந்த அருளப்பனுக்கா, உண்மை சொன்ன சண்முகக்கனிக்கா?

விடை: அருளப்பனுக்குத்தான். குறை தெரியாமல் நீட்டிய கை, நீட்டாத கைக்குச் சமம். ஆகவே அவருடைய முறை இன்னும் தீரவில்லை. உண்மை சொன்னது பெரிய காரியம்தான். அதற்காக அடுத்தவர் முறையை விலையாகக் கேட்க முடியாது. லிங்கையாவும் இப்படித்தான் தீர்த்துச் சொன்னார். சண்முகக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குட்டியை நீட்டினாள். அருளப்பன் அதை வாங்கப் போகையில் ஜெசிந்தா அவர் கையைத் தட்டிவிட்டாள். "அது அந்தப் பிள்ளகிட்டயே இருக்கட்டும். மடியில தூங்குனத எறக்கிவிட எனக்கு மனசில்ல. நான் சொல்றது எதுவும் காதுல விழாத மனுசனோட இத்தன வருசம் குடும்பம் நடத்தலையா? கைய ஆட்டியும் கண்ணக் காட்டியும் இதையும் வளத்துக்கிடுவேன்."

"என்ன சொன்ன?" என்றார் அருளப்பன், சட்டையிலிருந்த மோரைத் துடைத்தபடி.