பதம் போட வந்த எண்ணெயைத் தின்னவன்

ஒரு ஊர்ல பிச்சாண்டின்னு ஒரு கொல்லன் இருந்தானாம். அவன் பொண்டாட்டி பேரு முத்துப்பேச்சி. அவன் இரும்பை அடிப்பான், அவ உலைக்குக் காத்தடிக்கத் துருத்தி ஊதுவா.

அப்புறம் அந்த ஊர் ராசா வீட்டுல கல்யாணம் வந்துச்சு. தேங்கா உடைக்கத் தடி அருவா, பழம் நறுக்க மெல்லிசுக் கத்தி வேணும்னாரு ராசா. தடி அருவாவைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கணும், அப்பத்தான் பதம் ஏறி நல்லா இறுகும். மெல்லிசை அப்படி முக்குனா சட்டுனு குளுந்து விரிசல் விட்டுரும், அதுக்கு எண்ணெய்தான் வேணும். ராசாவும் எண்ணெய் குடுக்கச் சொன்னாரு. குடுக்கவேண்டியவன் யாரு? அரண்மனைச் சாமானெல்லாம் அளந்து குடுக்குற கிட்டங்கிக்காரன் அணைஞ்சபெருமாள். அந்தப் பய அம்புட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோயி அதிரசம் சுட்டுத் தின்னுட்டான்! நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது.

"எண்ணெய் எங்கய்யா?"ன்னு அவன்கிட்டப் போயிக் கேட்டான் கொல்லன்.

"இரும்புக்கு எண்ணெய் கேக்குதோ? எல்லாத்தையும் தண்ணியில முக்குலே, இல்லாட்டி உலையை இடிச்சிருவேன்."

பாவம், பயந்துபோயி முக்கிட்டான். அருவாவுக்கு ஒண்ணும் ஆகலை. மெல்லிசுக் கத்தியில மட்டும் கண்ணுக்குத் தெரியாம விரிசல்.

கல்யாணத்தன்னைக்கு ஒரு கத்தியை எடுத்தாங்க, டிக்குனு உடைஞ்சுது. இன்னொண்ணை எடுத்தாங்க, டிக்கு. இன்னொண்ணு டிக்குனு தெறிச்சு சம்பந்தி கன்னத்தையே கிழிச்சிருச்சு. "கொல்லனைக் கட்டுங்கடா, கையை வெட்டுங்கடா!"ன்னு கத்துனாரு ராசா. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்கலையே!

முத்துப்பேச்சி தலைவிரி கோலமா ஓடியாந்தா. "கையை வெட்டிட்டா நாங்க எதை வச்சுக் கஞ்சி குடிக்க? உலையை இங்க மூட்டும், நான் காட்டுதேன்"ன்னா.

ஒரே இரும்புல ரெண்டு மெல்லிசுக் கத்தி அடிச்சா. ஒண்ணைத் தண்ணியில முக்குனா, ஒண்ணை எண்ணெயில முக்குனா. தண்ணியில முக்குனது பூசணிக்காயில பட்டதும் உடைஞ்சுது. எண்ணெயில முக்குனது வழுக்கிக்கிட்டு எறங்குச்சு.

"பெறகு ஏன் எண்ணெயில முக்கலை?"ன்னாரு ராசா.

"கிட்டங்கிக்காரன் குடுத்தாத்தானே முக்க!"ன்னா முத்துப்பேச்சி.

"நான் குடுத்தேன் ராசா"ன்னு புளுகுனான் அணைஞ்சபெருமாள். ஆளுக போயித் தேடுனா, அரண்மனை முத்திரை போட்ட எண்ணெய்ப் பானை அவன் அடுப்படியில காலியா உக்காந்திருக்கு!

"இவன் கையை வெட்டுங்கடா!"ன்னாரு ராசா.

"மறுபடியும் வெட்டா? அந்தக் கை கெடக்கட்டும். சாகுறவரைக்கும் எங்க துருத்தியை ஊதட்டும்"ன்னா அவ.

"சரி. காவக்காரா, கொல்லனை அவுத்துவிடு."

"காவக்காரன் எதுக்கு? கட்டச் சொன்னது நீரு. நீரே எறங்கி வந்து அவுத்துவிடும்."

ராசா எறங்கி வந்து அவுத்துவிட்டாரு. கொல்லன் அவரைக் கும்பிடப் போனான். அவ அந்தக் கையைத் தட்டிவிட்டு அவனை வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

விசாரிக்காமத் தண்டிக்கிறவன் ராசாவே ஆனாலும் மூஞ்சிக்கு நேரா கேட்டுரணும் புள்ளைகளா. கதை குளுந்துபோச்சு, கண்ணை மூடுங்க.